இரண்டு வரிசைக்கு ஒரு சன்னல்

…இல்லை, நடுவிலிருந்து ஒருவர் போக முடியாது, போகக் கூடாது என்றில்லை, போவதற்கு வழியே கிடையாது, வரிசை என்றால் பின்னால் வந்து சேர வேண்டும், முன்னால் போய் முடிய வேண்டும், அவ்வளவுதானே, கல்யாணசுந்தரியின் ஆய்வுச் சமன்பாட்டில் இந்த இரண்டுக்கு மட்டும்தான் குறியீடு இருக்கிறது, ஆனால் அந்த ஊதாச் சேலைக்காரி, இவளுக்கு மூன்று பேர் முன்னால், அரை மணி நேரமாகக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றவள், சட்டென்று படிவத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையை விட்டுப் போயே போய்விட்டாள். உடம்புக்கு ஏதாவது… அப்படியும் தெரியவில்லை, சிரித்துக்கொண்டுதான் போனாள். காலியான இடத்தைப் பின்னால் இருந்தவர்கள் நிரப்பினார்கள், கல்யாணசுந்தரியும் ஓரடி முன்னால் வந்தாள். கோவில்பட்டி ஸ்டேஷன் முன்பதிவுச் சன்னல், மே மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, மணி எட்டரை, அதற்குள்ளேயே தகரக் கூரை காய்ந்து உச்சந்தலையில் இறங்குகிறது. நடுவில் ஓர் இரும்புக் குழாய், குழாய்க்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள், இரண்டு வரிசையும் போய் முட்டுவது ஒரே சன்னலில், உள்ளே ஒரே ஆள், உச்சிமாகாளி, அவர் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று மாற்றி மாற்றி வாங்குவார், அது எழுதாத சட்டம், அதை மீறினால் இரண்டு பக்கமும் அவரைச் சும்மா விடாது. அந்தப் பக்கம் எட்டாவது ஆளாக சண்முகராஜ், அவள் கணவர், இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார். அவர் கையிலும் ஒரு படிவம், இவள் கையிலும் ஒரு படிவம், இரண்டிலும் அதே இரண்டு பேர், அதே தேதி, இருபத்தொன்பது வியாழன், சென்னை எழும்பூர்.

வெள்ளிக்கிழமை முப்பதாம் தேதி சென்னையில் ஆய்வேட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும், சனிக்கிழமை வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், அதற்குப் பிறகு புது வழிகாட்டி, புதுப் பதிவு, புதுக் கட்டணம், ஆறு வருஷம் போனது போனதுதான், ஜூனில் கல்லூரியில் யாரை நிரந்தரமாக்குவது என்று உட்கார்ந்து பேசும்போது டாக்டர் பட்டம் இல்லாத கணக்கு வாத்தியார்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. முப்பத்தெட்டு வயதில் இனி எங்கே போய் வரிசையில் நிற்பது. ஆய்வு எதைப் பற்றி என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல என்று முதல் இரண்டு வருஷம் அவளுக்கே தெரியவில்லை, இணை வரிசைகள், ஒற்றைச் சேவையர் என்று தொடங்குவாள், கேட்பவர் முகம் வாடிவிடும், சண்முகராஜ்தான் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், ரெண்டு பந்தி, ஒரு சாம்பார் வாளி, அவ்வளவுதானட்டி, இதுக்கா ஆறு வருசம், என்று. அவ்வளவேதான். வாளிக்காரன் இந்தப் பந்தியை முழுக்க முடித்துவிட்டு அந்தப் பந்திக்குப் போகலாம், இலைக்கு ஒரு கரண்டி என்று மாறி மாறியும் ஊற்றலாம், எப்படி ஊற்றினாலும் காத்திருப்பின் மொத்தச் சுமை ஏறக்குறைய மாறாது, யார் தலையில் எவ்வளவு என்பதைத்தான் மாற்றலாம். இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரியாதது, அந்த எவ்வளவு எவ்வளவு என்பது. ஆண் வரிசையின் நீளத்தைக் கிடைக்கோட்டிலும் பெண் வரிசையின் நீளத்தைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்தால் ஒரு புள்ளி அலையும், ஆண் ஒருவர் வந்தால் வலது பக்கம், பெண் ஒருத்தி வந்தால் மேலே, ஒருவர் டிக்கெட் வாங்கினால் இடதோ கீழோ, ஏதாவது ஒரு வரிசை காலியானால் புள்ளி சுவரில் முட்டும், முட்டினவுடன் விதி மாறிவிடும், அந்தச் சுவரில்தான் அவள் நாலு வருஷம் தலையை முட்டிக்கொண்டாள். கடைசியில் ஒரு வழியாக உடைந்தது. உடைந்ததற்கு ஒரே காரணம், ஆண் வரிசைக்கு வருகிறவர்களுக்கும் பெண் வரிசைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எடுத்துக்கொண்டது. சம்பந்தம் இல்லை, அது எடுகோள் ஒன்று, பக்கம் பதினாலில் இருக்கிறது, தப்பில்லாமல் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

ஊதாச் சேலைக்காரி எங்கே போனாள் என்று பார்த்தாள். டீக்கடைப் பக்கம், ஆண் வரிசையிலிருந்து அப்போதுதான் டிக்கெட்டோடு வெளியே வந்த ஒருவரோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள், அவர் டிக்கெட்டை அவளிடம் கொடுக்க, அவள் வெயிலில் பிடித்துத் தேதியைச் சரிபார்த்தாள். சரி, தெரிந்தவராக இருக்கலாம்… தெரிந்தவர் என்ன தெரிந்தவர், புருஷன். அப்புறம் கண் தானாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வர ஆரம்பித்தது. மூன்றாவதாக நின்ற கண்ணாடிக்காரர் குழாய்க்கு இந்தப் பக்கம் யாரையோ புருவத்தால் கேட்கிறார், இங்கே ஒரு பச்சைச் சேலை இன்னும் ரெண்டு பேர் என்று விரலைக் காட்டுகிறது. அவருக்குப் பின்னால் நிற்கும் பெரியவர் தண்ணீர்ப் போத்தலைக் குழாய்க்கு மேலே நீட்ட, ஒரு வளையல் கை வாங்கிக்கொள்கிறது. இதெல்லாம் இப்போதுதானா நடக்கிறது, இல்லை எப்போதுமே நடந்து அவள் கண்ணில்தான் படவில்லையா. அவளுக்கு முன்னால் நின்ற பெண், பசுவந்தனைப் பக்கம், ரெங்கம்மாளாம், காலையில் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள், ஆடுகளை அடைத்துப் போட்டுவிட்டு வந்த கவலையை இவளிடம் ஏற்கெனவே இரண்டு தரம் சொல்லியாயிற்று, இப்போது மூன்றாவது தரமும் சொல்லிவிட்டு, எங்க வீட்டுக்காரரு அங்கன நிக்காரு டீச்சர், கருத்தையான்னு கூப்ட்டா திரும்புவாரு, யாரு முந்துதாங்களோ அவிய எடுத்துக்கிடணும், இந்தச் சன்னல்ல வேற எப்படி டிக்கெட் எடுக்க, என்றாள். வேறு எப்படி எடுக்க. கல்யாணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், ஆட்டோவை விட்டு இறங்கின உடனே, ஒரு பேச்சு இல்லாமல், அவர் அந்தப் பக்கம் போனார், இவள் இந்தப் பக்கம் வந்தாள், சோற்றுக் கையை வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி. இரண்டு வரிசைக்கும் சம்பந்தம் இல்லை என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினவள்.

பொறு, பொறு, அவசரப்படாதே, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள், எடுகோள் என்பது சும்மா வானத்திலிருந்து பிடித்ததில்லையே, சோதித்துப் பார்த்துத்தானே எழுதினது, இதே சன்னலில் எடுத்த எண்ணிக்கைதானே, இருபத்தொரு காலை, எட்டிலிருந்து பத்து மணிவரை, கை-ஸ்கொயர் என்கிற புள்ளியியல் சோதனையில் அவ்வளவு அழகாகப் பொருந்தியது, சம்பந்தம் இல்லை, சம்பந்தமே இல்லை என்று எண்கள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தன, பேராசிரியரே, எங்கேயம்மா இவ்வளவு சுத்தமான தகவல் கிடைத்தது என்று கேட்டார். சுத்தம். அந்தச் சொல் இப்போது ஏன் உறுத்துகிறது. இப்படி ஜோடி ஜோடியாக ஆள் வருகிற இடத்தில் அந்தச் சுத்தம் எப்படி வந்தது… தொண்ணூற்றொன்பதில் யாரும் இப்படி நிற்கவில்லையோ, நாலு வருஷத்தில் ஊர் மாறிவிட்டதோ. அந்த மே மாதம் அவள் விடைத்தாள் திருத்த திருநெல்வேலிக்குத் தினமும் போய் வந்தாள், காலை ஆறரை பஸ், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவாள், அதனால் எண்ணினது அவள் இல்லை. சண்முகராஜ் எண்ணினார். தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன், இருபது வருஷமாகப் பன்னிரண்டு டஜனுக்கு ஒரு குரோசு என்று குரோசு குரோசாகப் பெட்டி எண்ணுகிறவர், அடுக்கைத் தள்ளி நின்று பார்த்தே எத்தனை என்று சொல்லிவிடுவார், அவரை விட நல்ல எண்ணுகிற ஆள் கிடைப்பானா, இருபத்தொரு நாளும் முதலாளியிடம் பேசிப் பத்தரைக்கு மேல் வருகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு நீள நோட்டும் பேனாவுமாக இதோ இந்த வேப்பமரத்தடியில் நின்றார். என்னத்தட்டி எண்ணணும் என்று கேட்டார். வாரவியளை எண்ணுங்க, எந்த வரிசை, எத்தனை மணி, வந்தா ஒரு கோடு போடுங்க, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கடைசி நாள் நோட்டை வாங்கும்போது நடுவில் யாராவது விட்டுப்போனார்களா என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது, ஒருத்தரும் இல்ல என்றார், யோசிக்காமல் சொன்னார், பொய் சொல்கிற மனுஷனும் இல்லை. நோட்டில் கோடுகள் வரிசை வரிசையாக நின்றன, ஆண் பக்கம் ஆயிரத்துச் சொச்சம், பெண் பக்கம் நானூறு சொச்சம், பெண் பக்கத்தில் சில கோடுகள் மட்டும் பாதி உயரத்தில் குட்டையாக, பேனா சரியாக எழுதவில்லை போல என்று நினைத்து அதையும் ஒன்றாகவே கூட்டிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் வரிசை நகர்ந்து அவர் இப்போது கிட்டத்தட்ட இவளுக்கு நேராக வந்திருந்தார். கேட்கலாமா. கேட்டால் என்ன. கேட்காமலே விட்டால் இன்னும் பதினெட்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும், நாலு பிரதியும் சிவகாசியில் பைண்டிங் முடிந்து, தங்க எழுத்தோடு வீட்டு அலமாரியில் இருக்கிறது, யாரும் எதையும் கேட்கப் போவதில்லை… ஆனால் வாய் அதற்குள் கேட்டுவிட்டது.

"ஏங்க."

"என்ன, தண்ணி வேணுமா?"

"அன்னைக்கு நீங்க எண்ணுனீங்கல்லா, அப்ப இப்படிப் புருசன் அங்கன, பொண்டாட்டி இங்கனன்னு நின்னவியளை எப்படி எழுதுனீங்க?"

"எப்படி எழுத? ஒண்ணுன்னுதான்."

"வரிசைக்கு ஒண்ணா?"

"இல்லட்டி, ஆம்பளை வரிசைல ஒரு கோடு. ஒரே தலைக்கட்டுல்லா. ஒரு டிக்கெட்டுக்கு வந்தவியளை ரெண்டு தரம் எண்ணுனா உன் கணக்கு என்னத்துக்கு ஆவும்?" அவர் முகத்தில் ஒரு பெருமை, எத்தனை கவனமாகச் செய்தேன் பார்த்தாயா என்கிற மாதிரி.

"அந்தக் குட்டைக் கோடு?"

"புருசன் இல்லாதவியளுக்கு அரை. கோயில் நோட்டுல அப்படித்தான போடுதோம். நீ ஒண்ணும் கேக்கலையா, வெளங்கிருச்சுன்னு நெனச்சேன்."

கோயில் நோட்டு. பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் பதினொரு வருஷமாக இவர்தான் தெருத் தெருவாகப் போய் வரிக்குத் தலைக்கட்டு எழுதுகிறவர், கல்யாணம் ஆன ஆண் பெயரில் ஒரு தலைக்கட்டு, அவன் பெண்டாட்டி அதற்குள் அடக்கம், அவன் செத்துப்போனால் அவள் அரை, கல்யாணம் ஆகாதவர்கள் எண்ணிக்கையிலேயே இல்லை, அப்பன் வீட்டோடு சேர்த்தி. அந்த நோட்டை எடுத்து அவள் வீட்டு அலமாரியில் எத்தனை தரம் தூசி தட்டி வைத்திருக்கிறாள், ஒரு தரம்கூட… சரி, அப்படியென்றால் என்ன ஆகிறது, நிதானமாகப் பார்க்கலாம், முதலில் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையிலும் வந்து சேர்ந்த ஜோடிகளில் ஒரு பாதியை அவர் எடுத்துவிட்டார், சம்பந்தம் இருந்ததெல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தது, அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார், அதனால்தான் சம்பந்தமே இல்லை என்று எண்கள் சத்தியம் செய்தன, சத்தியமாக அவை பொய் சொல்லவில்லை. நடுவில் யாரும் விட்டுப்போகவில்லை என்றதும் அதனால்தான், விட்டுப்போனவள் அவர் கணக்கில் வரவே இல்லையே, வராதவள் எப்படிப் போவாள், பெண்டாட்டி முந்திக்கொண்டதால் விலகின புருஷனோ, தலைக்கட்டுக்கு டிக்கெட் கிடைத்தாயிற்று, அவனும் விட்டுப்போனவன் இல்லை. குட்டைக் கோட்டை இவள் ஒன்றாகக் கூட்டினாள், ஆகவே அது மட்டும் சரி, அவர் தப்பை இவள் தப்பு திருத்தியிருக்கிறது, இதைப் பக்கம் எத்தனையில் எழுதுவது. பெண் வரிசை நிஜத்தில் இரண்டு பங்கு இருந்திருக்கும், சுருக்கவுரையில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே, மாற்றி மாற்றி வாங்கும் முறையில் பெண்கள் ஆண்கள் காத்திருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் காத்திருக்கிறார்கள் என்று, அந்த வரியை வாசித்துவிட்டுக் கூட வேலை பார்க்கும் சத்யபிரியா, உங்க வீட்டுலயுமா டீச்சர் என்று கேட்டுச் சிரித்தாளே, அந்த வரி பொய். எண்ணை மாற்றிவிட்டால் போதுமா, போதாது, ஜோடி வந்தால் புள்ளி வலதும் மேலும் ஒரே தாவலாகக் குறுக்கே தாவும், ஒருத்தருக்கு டிக்கெட் கிடைத்தால் மற்றவர் வரிசையின் எந்த இடத்திலிருந்தும் மறைந்துபோவார், மறைகிற இடத்துக்குக் குறியீடு இல்லை, சுவர் மறுபடியும் எழும்பி நிற்கிறது, முன்னைவிட உயரமாக.

அல்லது அவர் சொல்வதுதான் சரியோ. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பேர் நின்றால் சன்னலுக்கு அது ஒரு வேலைதானே, உச்சிமாகாளிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது முக்கியமா, எத்தனை டிக்கெட் என்பது முக்கியமா, வேலையை எண்ணு என்றால் அவர் எண்ணினது சரி, ஆளை எண்ணு என்றால் தப்பு, அவள் என்ன சொன்னாள், வாரவியளை எண்ணுங்க என்றாள், வாரவிய என்றால் ஆளா, வீடா, மரியாதைக்கு ஒருத்தரையும் அவிய என்போம், இரண்டு பேரையும் அவிய என்போம், இதை ஒழுங்காகச் சொல்லாதது யார் தப்பு. அப்படியும் ஆண் பக்கத்தில் ஏன் போட வேண்டும். முந்தினவர் பக்கத்தில் போட்டிருக்கலாமே. அவருக்கு அது தோன்றவே இல்லை, தலைக்கட்டு என்றால் ஆம்பளை பெயர், அது அவருக்கு ஒரு யோசனையே இல்லை, மூச்சு விடுவதை யாராவது யோசித்தா விடுகிறார்கள். கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் அவர் மேல் நிற்கவில்லை, இருபத்தொரு காலை கால் கடுக்க நின்ற மனுஷன், நன்றியுரைப் பக்கத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், தகவல் திரட்டி உதவிய என் கணவர் திரு. சண்முகராஜ் அவர்களுக்கு என்ற இடத்தில் ஒவ்வொரு தரமும் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டார், வெள்ளிக்கிழமை அவள் ஆய்வேட்டைக் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்பதற்காகத்தான் அவரும் வருகிறார், புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. பிரியம்தான், பிரியத்தில் குறையே இல்லை.

பேராசிரியரிடம் சொல்லிவிடலாம். ஐயா, ஒன்றாம் எடுகோள் நிற்காது, எண்ணினதில் பிசகு, என்று சொன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாரம்மா எண்ணினது என்று கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். அந்த நேரம் புதுச் சட்டையோடு சண்முகராஜ் பக்கத்தில் நின்றால் அவளால் வாயைத் திறக்க முடியாது. முடியவே முடியாது, அது அவளுக்கு இப்போதே நிச்சயமாகத் தெரிந்தது, இந்தக் காலையில் நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆகவே சொல்வதென்றால் தனியாகப் போக வேண்டும், ஒரு டிக்கெட். அவரும் வருவதென்றால் சொல்லப் போவதில்லை, நாலு பிரதியைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டும், இரண்டு டிக்கெட். தேர்வாளர்கள் யாரும் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே வந்து நிற்கப் போவதில்லை. ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும், வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் திரும்பும்போதெல்லாம் தெரியும், இருபது வருஷம் தெரியும்… சொல்லிவிட்டால் மட்டும், ஒரு வருஷம் கூடக் கொடுப்பார்களா, சனிக்கிழமை ஓய்வு பெறப் போகிறவர் யாரிடம் போய்ப் பேசுவார், இவள் வேலை போனால் சண்முகராஜ் சம்பளம் ஒன்றில்… ஒன்று, இரண்டு, இவ்வளவுதான் முடிவு, எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரிகிற எண்கள்.

கருத்தையாவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. ரெங்கம்மாள், வாரேன் டீச்சர், ஆடு கத்திக்கிட்டுக் கிடக்கும், என்று சொல்லிவிட்டு அவளும் படிவத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போனாள், இன்னொரு மறைவு, கல்யாணசுந்தரி மறுபடி முன்னால் வந்தாள், பார்த்தால் அவளுக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் சேலை மட்டும்தான். இவ்வளவு சீக்கிரமா. அரை மணி நேரம் வேண்டும் போல இருந்தது, காத்திருப்பது குறைந்ததற்காக யாராவது வருத்தப்படுவார்களா, அவள் வருத்தப்பட்டாள். பேராசிரியரிடம் முதல் அத்தியாயத்தைக் காட்டப் போனதும் அந்த வருஷம்தானே, தொண்ணூற்றொன்பது, டிக்கெட் எடுத்தது மே பதினேழு, திருத்துகிற வேலைக்கு அன்று ஒரு நாள் விடுமுறை, இதே வரிசையில்தான் நின்றாள், சண்முகராஜ் வேப்பமரத்தடியில் நோட்டோடு நின்று, எண்ணிக்கொண்டே வரிசையிலும் ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார், யார் முந்துகிறோமோ எடுத்துக்கொள்வோம் என்று அன்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை, தானாகவே அப்படித்தான் நின்றார்கள். வெயில் அதிகமாக இருந்தது, அவள் முக்கால் மணி நேரம் நின்றாள், கால் வீங்கியது, அவளுக்கு டிக்கெட் கிடைத்தது. அந்த நாளின் பக்கத்தை அவள் எத்தனை தரம் கூட்டியிருக்கிறாள், கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள், பின்னிணைப்பு இரண்டில் மூன்றாவது அட்டவணை, மே பதினேழு, பெண் வரிசை, எட்டிலிருந்து எட்டேகால். அதில் அவளுக்கு ஒரு கோடு கிடையாது. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஆறு வருஷமாகக் காத்திருப்பைப் பற்றி எழுதின அந்த முழுப் புத்தகத்திலும், அவள் காத்திருந்த அந்த முக்கால் மணி நேரம் இல்லை, அவர் ஒளித்து வைக்கவில்லை, அவள்தான் தேடவில்லை, நோட்டு கையில் வந்தபோது தன்னைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லையே. அவர் எண்ணினது போலத்தான் அவளும் அவளை எண்ணியிருக்கிறாளா.

மஞ்சள் சேலை நகர்ந்தது, சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் உச்சிமாகாளியின் நரைத்த தலை தெரிந்தது. அந்தப் பக்கம் ஒருவர் முடித்துக்கொண்டு போனார், அவருக்கு அடுத்து இப்போது சண்முகராஜ் நின்றார், குழாய்க்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம், வேர்வையும் தீப்பெட்டி மருந்தும் கலந்த அவர் வாசனைகூட வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். முறை யாருடையது என்று அவள் யோசிப்பதற்குள் உச்சிமாகாளி இந்தப் பக்கம் திரும்பினார், பொம்பளையாளு முறை, என்றார், படிவத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை பேரும்மா?"

எத்தனை பேர். அவள் படிவத்தைக் கொடுத்தாள். சொல்லிவிடு, சொல்வதற்கென்ன, பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒரு நொடிக்கு மேல் யாரும் பொறுக்க மாட்டார்கள்…

"ஒண்ணு," என்றாள்.

குழாய்க்கு அந்தப் பக்கம் சண்முகராஜ் அதைக் கேட்டார், கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு, தன் கையிலிருந்த படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பின்னால் நின்றவருக்கு வழி விட்டு வரிசையை விட்டு விலகினார், அண்ணாச்சி, ஜன்னலோரமாப் பாத்துப் போடுங்க என்று உள்ளே பார்த்துச் சொன்னார், முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை, ஒண்ணு என்றால் ஒரு தலைக்கட்டு, அந்தச் சொல் அவருக்குச் சரியாகவே விளங்கியிருந்தது. உச்சிமாகாளி படிவத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கி இன்னொரு தரம் பார்த்தார்.

"ஒண்ணுங்கீங்க, ரெண்டு பேரு எழுதியிருக்குல்லா. ஒண்ணா, ரெண்டா?"

பின்னால் ஒருத்தி உச்சுக் கொட்டினாள். கல்யாணசுந்தரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கம்பி சுட்டது. தனியாகப் போவதற்காகத்தானே சொன்னோம், அதற்காகத்தான்… இல்லை, பேசாமல் வரிசையில் போய் நின்ற மாதிரி, வாய் பழக்கத்தில் சொன்னதா. யாருடைய கணக்கில் அந்த ஒன்றைச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.